கூண்டு ஏறிய நாளின் சம்பளம்

என் மகளைப் பார்த்துக்கொள்ள வரும் அக்காவின் கையில் 2023 நவம்பர் மாதச் சம்பளத்தைக் கொடுத்தபோது அதில் 1,385 ரூபாய் குறைவாக இருந்தது. கணக்கில் பிழை எதுவும் இல்லை. மாதச் சம்பளம் 9,000 ரூபாய், வேலை நாள் 26, ஒரு நாளைக்கு 346 ரூபாய்ச் சொச்சம். மழையால் அவர் வராமல் போன நாள்கள் நான்கு. சமையலறை நாள்காட்டியில் அந்த நான்கு தேதிகளையும் நான்தான் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தேன். அக்கா பணத்தை எண்ணிப் பார்க்கவில்லை. நோட்டுகளை இரண்டாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்து, பையை இடுப்பில் செருகிக்கொண்டு, "பாப்பாவுக்கு மூக்கு ஒழுகுது தாயி, நாளைக்குத் தலைக்கு ஊத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடிக்கப் போனார்.

அதே நாள்களில் எனக்கு என்ன நடந்தது என்பது அன்று இரவு என் சம்பளச் சீட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அந்த நான்கு நாள்களில் இரண்டு நாள் நான் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வங்கிக்குப் போனேன். ஒரு நாள் தற்செயல் விடுப்பு எடுத்தேன். இன்னொரு நாள் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியையிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடினேன். என் சம்பளத்தில் ஒரு ரூபாயும் குறையவில்லை. ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு என்று எங்களுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். மழை பெய்தாலும் காய்ச்சல் வந்தாலும் அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வருகிறவருக்கு அப்படி ஒரு நாள்கூட இல்லை என்பதும், அதை இல்லாமல் வைத்திருப்பவள் நான்தான் என்பதும் அதுவரை என் மனத்தில் தோன்றவே இல்லை.

நாங்கள் மண்டபம் என்ற கடற்கரை ஊரில் குடியிருக்கிறோம். கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். எனக்கு வேலை இராமநாதபுரத்தில். போக வர நாளொன்றுக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் பேருந்துப் பயணம். மகன் பள்ளிக்குப் போகிறான், மகள் அப்போது கைக்குழந்தை. அக்கா இராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்திலிருந்து பாம்பன் பாலத்தைத் தாண்டி வருகிறார். காலை ஏழரை மணிக்குள் வந்து மாலை ஆறு மணி வரை மகளைப் பார்த்துக்கொள்வார். மகள் அவரைப் பெரியம்மா என்றுதான் அழைக்கிறாள். பிள்ளை பார்க்கும் வேலை என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறோம். அவர் வராவிட்டால் என் வேலை இல்லை என்பதுதான் உண்மை நிலை.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எங்கள் கரையில் வேலைக்கு வருவது எப்படிப்பட்ட காரியம் என்பதை உள்ளூரில் இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் பாக் நீரிணைப் பக்கத்து வடகடல் கொந்தளிக்கும். மன்னார் வளைகுடாப் பக்கத்துத் தென்கடல் அந்த நேரத்தில் ஓரளவு அடங்கியிருக்கும். இரண்டுக்கும் நடுவில், கடலுக்கு மேல் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலம். காற்று பலமாக அடிக்கும் நாளில் அந்தப் பாலத்தின் நடுவில் பேருந்து ஒரு பக்கமாகத் தள்ளப்படுவதை உட்கார்ந்திருப்பவர்கள் உடம்பில் உணரலாம். இரு சக்கர வண்டிக்காரர்கள் இறங்கி உருட்டிக்கொண்டு போவதும் உண்டு. சாதாரண நாளில் அக்கா மகளிர்க்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்தில் வந்துவிடுவார். மழை நாளில் அது நேரத்துக்கு வராது. வெளியூர்ப் பேருந்துக்கோ ஷேர் ஆட்டோவுக்கோ கைக்காசு கொடுக்க வேண்டும். ஆக, மழை நாளில் வந்தால் செலவு, வராவிட்டால் சம்பளம் போகும் என்ற நிலையில்தான் நான் அவரை வைத்திருந்தேன்.

இதைவிடப் பெரியது ஒன்று உண்டு. அக்காவின் வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். படகு கரைக்கு வந்து, டீசலும் ஐஸும் சாப்பாட்டுச் செலவும் போக மிஞ்சுவதில்தான் அவருக்குப் பங்கு. இராமேசுவரம் தீவில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. அதனால் புதன்கிழமை காற்று அடித்து மீன்வளத் துறை அனுமதிச் சீட்டு கொடுக்காமல் நிறுத்திவிட்டால் அடுத்த பாடு சனிக்கிழமைதான். ஒரு நாள் காற்று ஒரு வாரக் கூலியில் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டுபோய்விடும். அவர் கடலுக்குப் போக முடியாத நாளும் அக்கா பாலம் தாண்ட முடியாத நாளும் பெரும்பாலும் ஒரே நாள்தான். அந்த வீட்டுக்குள் இரண்டு கூலி வருகிறது. ஒரே காற்று இரண்டையும் ஒரே நாளில் நிறுத்துகிறது. நவம்பர் மாதம் நான் பிடித்த 1,385 ரூபாய், மற்ற மாதத்தில் பிடிக்கும் அதே தொகைக்குச் சமம் அல்ல. வீட்டில் அரிசிப் பானை அடி தெரியும் மாதமாகப் பார்த்து அதைப் பிடித்திருக்கிறேன்.

வேலை செய்ய முடியாத காலத்துக்கும் பணம் தர வேண்டும் என்ற எண்ணம் இந்தக் கரைக்குப் புதிதும் அல்ல. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்காக மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. அந்தத் தொகையை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் முதலமைச்சர் அறிவித்தது எங்கள் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான். மீனவர் 1,500 ரூபாய் சேமித்தால் மத்திய அரசும் மாநில அரசும் ஆளுக்கு 1,500 ரூபாய் சேர்த்து, மீன்பாடு குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகத் திருப்பித் தரும் சேமிப்பு நிவாரணத் திட்டமும் உண்டு. ஆலைத் தொழிலாளிக்கு 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், அவர் குற்றம் இல்லாமல் வேலை கொடுக்க முடியாமல் போன நாளுக்குப் பாதி ஊதியம் இழப்பீடாக வகுத்தது. கடலுக்கும் ஆலைக்கும் தோன்றிய இந்த நியாயம் வீட்டுக்குள் மட்டும் ஏன் நுழையவில்லை என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். பிள்ளை பார்ப்பதை வேலை என்று நாம் மனதார ஒப்புக்கொள்ளவில்லை என்பதைத் தவிர வேறு பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007இல் தனி நல வாரியம் அமைக்கப்பட்டது. பதிவு செய்துகொண்டால் பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, விபத்து, ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவி உண்டு. 2018இல் வீட்டு வேலைக்கு மணிக்கு 37 ரூபாயில் தொடங்கிக் குறைந்தபட்ச ஊதியமும் நிர்ணயித்தார்கள். அக்காவை வாரியத்தில் பதிவு செய்ய நானே உடன் போனேன். வீட்டில் ஆள் வைத்திருக்கும் எல்லோரும் அதைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். ஆனாலும் மணிக்கு இவ்வளவு என்ற கணக்கு, வர முடியாமல் போன மணிக்கு உதவாது. அதை வீட்டுக்காரர்களும் வேலைக்கு வருகிறவரும் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும்.

டிசம்பர் சம்பளத்தோடு அந்த 1,385 ரூபாயையும் சேர்த்துக் கொடுத்தபோது அக்கா அதைத் தனியே பிரித்துத் திருப்பி நீட்டினார். "வராத நாளுக்கு எதுக்கு தாயி காசு? எனக்கு இனாமாவா குடுக்குறீங்க?" என்று கேட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை, கூச்சம்தான் இருந்தது. நான் செய்த இரண்டாவது தவறு அப்போது புரிந்தது. முன்கூட்டிப் பேசாமல், பிறகு மனம் இரங்கிக் கொடுத்தால் அதே பணம் இனாமாகிவிடுகிறது. மழை தொடங்கும் முன்பே, இதுவும் சம்பளத்தின் ஒரு பகுதி என்று இருவரும் ஒப்புக்கொண்டிருந்தால்தான் வாங்குகிறவர் நிமிர்ந்து நின்று வாங்க முடியும். அன்று இருவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினோம். மகனுடைய பழைய நோட்டு ஒன்றில் எழுதி வைத்தோம்.

முதலில் பேசியது வராத நாளைப் பற்றி. எந்த மழைக்கு வர வேண்டும், எந்த மழைக்கு வர வேண்டாம் என்று யார் சொல்வது? மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் மழை விடுமுறையை அளவாக வைத்துக்கொள்ளலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அக்கா ஒப்பவில்லை. விடுமுறை அறிவிப்பு சில நாள் காலை ஆறு மணிக்கு மேல்தான் தொலைக்காட்சியில் ஓடும். அவர் ஆறே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறவர். பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டை வைத்துக்கொள்ளலாம் என்று அவர்தான் சொன்னார். 1ஆம் எண் கூண்டு என்றால் கடலில் எங்கோ தூரத்தில் புயல் உருவாகக்கூடும் என்று பொருள். அதற்கு வேலைக்கு வருவார். 3ஆம் எண் ஏறினால் துறைமுகத்தையே பலத்த காற்று தாக்கக்கூடும் என்று பொருள். அன்று வர வேண்டாம், கேட்கவும் வேண்டாம், சம்பளம் உண்டு. கூண்டு ஏறாமல் மழை மட்டும் கொட்டும் நாளில் வரலாமா வேண்டாமா என்று அவரே முடிவு செய்து ஆறு மணிக்குள் எனக்குச் சொல்லிவிட வேண்டும். அந்த முடிவை நான் கேள்வி கேட்கக் கூடாது.

இந்தக் கடைசி வரியை எழுதும்போது என் கை சற்றுத் தயங்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அக்காவின் மாமியார் தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு கடல் ஊருக்குள் வந்து, பாம்பனிலிருந்து வந்த ரயிலையே கொண்டுபோனபோது அவர் பத்து வயதுப் பெண். இப்போதும் வாடை உறுமினால் அந்தக் கிழவி வாசல்படியை விட்டு நகர மாட்டார், யாரையும் கடல் பக்கம் விட மாட்டார். அப்படி ஒருவரை வீட்டில் தனியே விட்டுவிட்டு வரலாமா என்பதைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் காங்கிரீட் வீட்டில் இருந்துகொண்டு நான் எப்படி முடிவு செய்வேன்?

வரும் நாளைப் பற்றிப் பேசியபோதுதான் நான் நினைத்தே பார்த்திராத விஷயங்கள் வெளியே வந்தன. மழை விடுமுறை பள்ளிக்குத்தான், வங்கிக்கு இல்லை. அன்று மகனும் வீட்டில் இருப்பான். ஒரு பிள்ளைக்குப் பேசிய சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார் அக்கா. அதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மின்சாரம் போய்விடும், துணி காயாது, மகளின் ஈர ஜட்டிகளை அடுப்பு வெக்கையில் ஒவ்வொன்றாகக் காட்டி உலர்த்தி எடுப்பார். குழந்தையை வாசலில் விட முடியாது, கொசு வேறு. சாதாரண நாளைவிட மழை நாளில் வேலை கூடுதல். அதனால் மகன் வீட்டில் இருக்கும் நாளுக்கு 150 ரூபாய் கூடுதல், பேருந்துக்கோ ஆட்டோவுக்கோ ஆகும் செலவு முழுவதும் என் பொறுப்பு, திரும்பிப் போக முடியாமல் எங்கள் வீட்டில் தங்கினால் இரவுக்கு 500 ரூபாய் என்று எழுதினோம். இரவுத் தொகையைப் பற்றி என் உறவினர் ஒருவர், "சாப்பாடும் போட்டுப் படுக்க இடமும் கொடுத்துவிட்டுக் காசு வேறா?" என்று கேட்டார். தன் வீட்டில் ஓடு பறக்குமோ என்ற கவலையோடு என் மகளைத் தட்டித் தூங்க வைக்கும் இரவை ஓய்வு என்று என்னால் கணக்கிட முடியவில்லை.

இவ்வளவு யோசித்து எழுதிய நோட்டிலும் ஓட்டை இருந்ததை 2024 நவம்பர் 20ஆம் தேதி காட்டிக்கொடுத்தது. அது ஒரு புதன்கிழமை. காலையில் பெய்தது வழக்கமான மழைதான். அக்கா வந்துவிட்டார், நானும் கிளம்பிவிட்டேன். நண்பகலுக்குள் வானம் பொத்துக்கொண்டது. இராமேசுவரத்தில் அன்று ஒரே நாளில் பெய்தது 40 சென்டிமீட்டருக்கும் மேல். தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் எல்லாம் வெள்ளக்காடு. மேகவெடிப்பு என்று செய்தியில் சொன்னார்கள். பன்னிரண்டரை மணிக்கு அக்காவின் மருமகள் அவருக்குப் பேசியிருக்கிறாள். வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர், உங்கள் மாமியாரைக் கட்டிலில் ஏற்றி மடியில் அரிசி மூட்டையை வைத்துவிட்டோம் என்று சொல்லியிருக்கிறாள். அக்கா அதை எனக்குச் சொல்லவில்லை. நான் தொலைபேசியில் கேட்டபோது, "பாப்பா தூங்குது, நீங்க பதறாம வாங்க" என்று மட்டும் சொன்னார். எனக்கு அலுவலகத்தில் அனுமதி கிடைக்க இரண்டரை மணி ஆயிற்று. உச்சிப்புளி தாண்டிப் பேருந்து ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. அக்கா சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, கையில் செருப்போடு, வாசலில் தயாராக நின்றார். மகளை என் கையில் கொடுத்த பிறகுதான் மூச்சு விடாமல் விஷயத்தைச் சொன்னார். நாலரை மணி நேரம் அவர் தன் வீட்டில் தண்ணீர் ஏறுவதை மனத்தில் வைத்துக்கொண்டு என் வீட்டில் என் குழந்தைக்குச் சோறு ஊட்டியிருக்கிறார்.

வராத நாளுக்குச் சம்பளம் எழுதினோம், வந்த நாளுக்குக் கூடுதல் எழுதினோம். வந்த பிறகு பாதியில் போகும் உரிமையை எழுத மறந்துவிட்டோம். தண்ணீர் வடிந்த பின் அதைச் சேர்த்தோம். பக்கத்து வீட்டு ஆசிரியையிடம் முறையாகப் பேசி, அக்காவுக்கு வீட்டிலிருந்து அவசரம் என்று தகவல் வந்தால் எனக்காகக் காத்திருக்காமல் பிள்ளைகளை அவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று ஏற்பாடு செய்தோம். அரிசிப் பெட்டிக்கு மேல் ஒரு டப்பாவில் 500 ரூபாய், டார்ச் விளக்கு, தெரிந்த ஆட்டோக்காரர் இருவரின் எண் எழுதிய அட்டை ஆகியவை எப்போதும் இருக்கும். செல்பேசிக் கோபுரம் வேலை செய்யாத நேரத்துக்காக, போவதாக இருந்தால் நாள்காட்டியில் மணியைக் குறித்துவிட்டுப் போவது என்றும் பேசிக்கொண்டோம். முன்பு சிவப்பு வட்டம் போட்ட அதே நாள்காட்டிதான்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். 2024 மழைக்காலத்தில் அக்காவின் சம்பளம் 10,000 ரூபாய். கூண்டுக்கும் மழைக்குமாக அவர் வராத நாள் ஏழு. அதற்கு 2,692 ரூபாய். மகனும் வீட்டில் இருந்த நாள்கள் ஐந்துக்கு 750, வண்டிச் செலவு 500, நவம்பர் கடைசியில் அவர் தங்கிய இரண்டு இரவுக்கு 1,000. மொத்தம் 5,000 ரூபாயைத் தொடவில்லை. அந்த ஆண்டு தீபாவளிக்கு நாங்கள் எடுத்த துணி அதைவிட அதிகம்.

எல்லா வீட்டாலும் இது முடியுமா என்று கேட்டால், முடியாத வீடுகளும் உண்டு. மழை பெய்தால் தன் கூலியும் போய்விடும் நிலையில் உள்ள தாய், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பிள்ளையை விட்டுப் போகிறவளாக இருப்பாள். அவளிடம் போய் முழுச் சம்பளம் கொடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவள் பாதி கொடுத்தாலும், அந்தப் பாதியை மழைக்கு முன்பே பேசி வைத்தால் போதும் என்பேன். நான் சொல்வது என்னைப் போல மாதம் பிறந்தால் கணக்கில் பணம் வந்து விழுகிறவர்களிடம். அவர்களில் சிலர், இப்படிச் செய்தால் தூறல் விழுந்தாலே வராமல் நின்றுவிடுவார்கள் என்று அடித்துச் சொல்கிறார்கள். என் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்ல முடியும். சம்பளம் பிடித்த 2023 மழைக்காலத்தில் காலை ஏழரை வரை அக்கா வருவாரா மாட்டாரா என்று தெரியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழைத்தால், "பஸ் ஏறிட்டேன் தாயி" என்பார், ஏறியிருக்க மாட்டார். வரவில்லை என்று சொன்னால் காசு போகுமே என்ற பயத்தில் கடைசி நிமிடம் வரை முயன்று பார்த்திருக்கிறார். ஒப்பந்தத்துக்குப் பிறகு வருவதையும் வராததையும் முதல் நாள் இரவே சொல்லிவிடுகிறார். எனக்கு அலுவலகத்தில் சொல்லவும் பக்கத்து வீட்டில் கேட்கவும் நேரம் கிடைக்கிறது.

புயல் கரையைத் தொடாமலே போகும் ஆண்டுகளும் உண்டு. 2020 டிசம்பரில் புரெவி மன்னார் வளைகுடாவில் வலுவிழந்து எங்கள் மாவட்டத்துக்கு அருகிலேயே அசையாமல் நின்றது. பெரும் சேதம் இல்லை என்று பலரும் நிம்மதி அடைந்தார்கள். கடலுக்குப் போகாத நாள்களும் வேலைக்குப் போகாத நாள்களும் அந்தச் சேதக் கணக்கில் சேர்வதில்லை என்று அக்கா ஒருநாள் மகளுக்குத் தலை வாரிக்கொண்டே சொன்னார். "ஓடு பறந்தா வந்து எழுதிக்கிட்டுப் போவாக. பானை காஞ்சா யாரு வந்து எழுதுறா?"

இந்த ஐப்பசி பிறக்கும் முன்பு நோட்டை மறுபடி எடுத்து உட்கார்ந்தோம். மகன் வளர்ந்துவிட்டான், அவனுக்கான 150 ரூபாயை 100 ஆக்கலாம் என்று அக்கா சொன்னார். அவன் வளர வளரச் சேட்டையும் வளர்கிறது என்று சொல்லி அதை அப்படியே வைத்தேன். தன் வீட்டுத் தெருவில் இன்னொரு பெண் மூன்று வீடுகளில் வேலை பார்க்கிறாள், மூன்று வீட்டிலும் மழைக்குப் பிடிக்கிறார்கள், இந்த நோட்டை அவளிடம் காட்டலாமா என்று கேட்டார். காட்டுங்கள் என்றேன். அவர் நோட்டை எடுத்துப் போகவில்லை. மகனை உட்கார வைத்து, எழுதியிருந்ததை எல்லாம் வேறு தாளில் நல்ல கையெழுத்தில் எழுதித் தரச் சொன்னார். அவன் எழுதி முடித்ததும் மழையில் நனையாதபடி அதை ஒரு பால் பாக்கெட் உறைக்குள் செருகி மடித்து, சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.